சாட்சிக்கும் சோதனை உண்டு



பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒரு பிழையை உங்கள்முன் ஒப்புக்கொள்வதற்காகவே இதனை எழுதுகிறேன். கூடவே, பூமிக்கு அடியில் நூறு மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு கருவியைப் பற்றியும் எழுதப்போகிறேன். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கும் அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் கருவிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு ஸலாம் சொல்லி விடைபெற்றவன். ஆயினும், ஓர் ஆசிரியன் எப்படிப் பேச வேண்டும் என்ற பாடத்தை அந்தக் கருவியிடமிருந்துதான் நான் படித்தேன்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அது நோன்பு மாதமாகையால் மதரஸா நேரம் குறைக்கப்பட்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அந்நாட்களில் தொலைக்காட்சியைத் திருப்பினால் ஒரே பேச்சு. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே, விஞ்ஞானிகள் மாபெரும் இயந்திரம் ஒன்றை இயக்கப் போகிறார்கள். அதிலிருந்து கருந்துளை ஒன்று பிறந்து உலகத்தையே விழுங்கிவிடும். புதன்கிழமையோடு எல்லாம் முடிந்தது என்று பரபரப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடையிலும் அதே பேச்சு. தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் வழியிலும் அதே பேச்சு.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்க வேண்டும் என்ற ஆசையில், அந்தச் செய்தியை நானும் எடுத்துச் சொன்னேன். 'சொல்கிறார்கள்' என்று சொல்லவில்லை. 'நடக்கப் போகிறது' என்றே சொன்னேன். வகுப்பு ஊசி விழுந்தாலும் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிட்டது. என் பேச்சின் வன்மையை எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை, வகுப்பில் மிகச் சிறியவர்களுள் ஒருவனான எட்டு வயதுச் சிறுவனின் தாயார் பள்ளிவாசல் வாயிலில் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. ஸஹருக்கு நாங்கள் எழுந்து பார்த்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே கிடக்கிறான். இன்றைக்கு எல்லாரும் செத்துப்போவோமாமே, ஹஜ்ரத் சொன்னார்கள் என்கிறான். நீங்கள் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும்? அதனால் எனக்கும் பயமாக இருக்கிறது."

அந்தத் தாயின் கண்களில் என்மீது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அங்கே இருந்தது நம்பிக்கை. அதுதான் என்னைக் கூனிக்குறுக வைத்தது. "ஒன்றும் ஆகாதும்மா, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். 'நான் சொன்னது தவறு' என்ற மூன்று சொற்கள் மட்டும் வாயில் வரவில்லை.

நம் நாட்டு நேரப்படி அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்பாக, புரோட்டான் கற்றை அந்த 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தை முதன்முறையாக முழுதாகச் சுற்றி வந்தது. உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி வழக்கம்போல் மணத்தது.

விசாரிக்கப் புறப்பட்டேன்

பெருநாள் கழிந்த பின், பக்கத்து நகரின் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றேன். பொறுமைசாலி. என் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. முதலில் அவர் சொன்ன செய்தியே என்னைத் தலைகுனியச் செய்தது.

"அன்றைக்கு மோதலே நடக்கவில்லை ஹஜ்ரத். நடத்துவதாகத் திட்டமும் இல்லை. கற்றையை ஒரு திசையில் ஒருமுறை, மறுதிசையில் ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்."

அந்த இயந்திரத்தில் முதல் மோதல்கள் நிகழ்ந்தது 2009 நவம்பரில்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் உலகத்தின் முடிவையே அறிவித்த நாளில், அதற்குக் காரணமென்று நான் சொன்ன செயல்கூட நடைபெறவில்லை!

அடுத்து அவர் வானத்தைச் சுட்டிக்காட்டினார். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள்கள் நம் காற்று மண்டலத்தில் இடையறாது மோதிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் சில, மனிதன் கட்டிய எந்த மோதுவியும் எட்டாத ஆற்றலுடன் வருபவை. பூமி பிறந்த நாள்தொட்டு இது நடந்து வருகிறது. அவ்வளவு மோதல்களையும் தாங்கி நிற்கும் பூமி இந்தச் சிறு மோதல்களால் அழியாது என்பதே விஞ்ஞானிகள் காட்டிய வலுவான ஆதாரம். அது இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே வெளியிடப்பட்டும் இருந்தது. நான்தான் தேடவில்லை.

அதே செப்டம்பர் 19ஆம் நாள் அந்த இயந்திரம் பழுதுபட்டது. காந்தங்களுக்கு இடையே மின்சாரம் செல்லும் இணைப்பு ஒன்று சரியாக அமையாததால் அது கருகி, டன் கணக்கில் ஹீலியம் கசிந்தது. காந்தங்கள் பல சேதமுற்றன. சரிசெய்ய ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆனால் வாசகர்களே, விபத்து நடந்து ஒரு மாதத்திற்குள் பிழை எங்கே நேர்ந்தது என்பதை அந்த ஆய்வகம் உலகறிய அறிக்கையாக வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிட்டவர்கள், பல நாடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், பிழையை ஒப்புக்கொண்டார்கள். முப்பது சிறுவர்களுக்குமுன் ஒப்புக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

கண்ணால் காணாததற்கு யார் சாட்சி?

பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இந்தத் துகள்களை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது என்கிறீர்கள். பிறகு, பார்த்தோம் என்று இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?"

"பார்த்தோம் என்று சொல்வதில்லை. கருவி சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நம்பலாமா என்று சோதிப்பதில்தான் அவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி கழிகிறது" என்றார் அவர்.

சாட்சி என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. செய்தி அறிவிப்பவரை எடைபோடுவது நம் மதரஸாக்களில் ஒரு தனிக் கலையாகவே கற்பிக்கப்படுகிறது. யாரிடமிருந்து கேட்டார், அவரை நேரில் சந்தித்தாரா, நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் தடுமாற்றம் வந்ததா என்றெல்லாம் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அந்தக் கலையைக் கற்பிக்கும் இடத்தில் இருந்துகொண்டுதான், தொலைக்காட்சியில் கேட்டதை விசாரிக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். வெட்கத்தோடு தொடங்கிய விசாரணை பின்னர் ஆர்வமாயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விளங்காத இடங்களில் அந்தப் பேராசிரியரையே நச்சரித்தேன்.

முற்காலத்தில் துகள்களின் தடங்களைத் திரவம் நிரப்பிய தொட்டிகளில் குமிழிகளாகத் தோன்றச் செய்து, புகைப்படம் பிடித்து, அந்தப் படங்களை மனிதர்களே ஒவ்வொன்றாகப் பார்த்து அளந்தார்கள். அப்பணியைச் செய்தவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். 1968இல் ஜார்ஜ் ஷர்ப்பாக் என்பவர், வாயு நிரப்பிய பெட்டிக்குள் மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டி, துகள் கடந்து செல்லும்போது அருகிலுள்ள கம்பியில் எழும் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் முறையை வகுத்தார். புகைப்படத்திற்குத் தேவை இல்லாமல் போயிற்று. விநாடிக்குப் பல்லாயிரம் நிகழ்வுகளைக் கணிப்பொறியே எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை பிறந்தது. இளமையில் நாஜிகளின் தாக்காவ் சிறை முகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். 1992இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஒன்றினுள் ஒன்றாக

ஜெனீவா வளையத்தில் மோதல் நிகழும் இடங்கள் நான்கு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெரிய உணர்கருவி உண்டு. அவற்றுள் சி.எம்.எஸ். என்னும் ஒன்றை மட்டும் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பிரான்சு நாட்டின் செஸ்ஸி என்ற ஊருக்கு அடியில் அது இருக்கிறது. நீளம் 21 மீட்டர், உயரம் 15 மீட்டர், எடை 14,000 டன். இதனைத் தரைமேல் கட்டி, 15 பகுதிகளாகப் பிரித்து, கயிற்றில் தொங்கவிட்டு இறக்கினார்கள். ஏறத்தாழ 1,920 டன் எடையுள்ள நடுப்பகுதி 2007 பிப்ரவரி 28ஆம் நாள் இறங்கியது. பத்து மணி நேரம் பிடித்தது. குழியின் சுவருக்கும் அதற்கும் இடையே சில இடங்களில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

அதன் அமைப்பு வெங்காயத்தைப் போன்றது. நடுவில் மோதல் நிகழ்கிறது. அங்கிருந்து சிதறும் துகள்கள் ஒவ்வோர் அடுக்கையும் கடந்து வெளியே வருகின்றன. முதல் அடுக்கு மெல்லிய சிலிக்கன் தகடுகள். அவை மின்னூட்டமுள்ள துகளின் பாதையைப் பதிக்கும். பூமியின் காந்தவன்மையைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வலிய காந்தம் அந்தப் பாதையை வளைக்கும். வளைவின் அளவு துகளின் உந்தத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் அடுக்கு படிகங்கள். எலெக்ட்ரான்களும் ஒளித்துகள்களும் இங்கே தம் ஆற்றலைக் கொட்டிவிட்டு அடங்கும். மூன்றாம் அடுக்கு பித்தளையும் பிளாஸ்டிக்கும். புரோட்டான் போன்றவை இங்கே சிக்கும். எல்லாவற்றையும் துளைத்துச் செல்லும் மியூவான்களைப் பிடிக்கக் கடைசியாக வெளிப்புறத்தில் ஓர் அடுக்கு. ஒரு காவலரிடம் தப்பியவனை அடுத்த காவலர் பிடிப்பதுபோல் இந்த ஏற்பாடு. எவரிடமும் சிக்காத நியூட்ரினோவையும் விடுவதில்லை. கணக்கில் எவ்வளவு குறைகிறதென்று பார்த்து, 'ஒருவன் தப்பிச் சென்றிருக்கிறான்' என்று முடிவு செய்கிறார்கள்.

அந்தப் பித்தளையைப் பற்றி ஒரு செய்தி. அதில் ஒரு பகுதி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரஷ்யக் கடற்படையின் பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கிச் செய்யப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகள்! உயிர்களைப் பறிக்க வார்த்த உலோகம் உண்மையைத் தேடும் பணிக்கு வந்து சேர்ந்தது. காந்தத்தைத் தாங்கும் இரும்புப் பாதங்கள் பாகிஸ்தானின் டாக்சிலாவில் செய்யப்பட்டன. வெளிப்புறத் தகடுகளில் ஒரு பகுதியை மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கினார்கள். எல்லையில் பகைத்து நிற்கும் இரு நாடுகளின் கைவேலை ஒரே கருவியில் இணைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிப் படிகங்களுக்கு வருவோம். என் மனத்தை மிகவும் கவர்ந்தவை அவைதாம்.

காரீயமும் டங்ஸ்டனும் கலந்த காரீய டங்ஸ்டேட் என்னும் பொருள் அது. எடையில் பெரும்பகுதி உலோகம்தான்; ஆனால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். ஒரு படிகம் ஒரு சாண் நீளம், இரண்டு விரற்கடை அகலம். ஆனால் எடையோ ஒன்றரைக் கிலோ. ஒன்றை வளர்த்தெடுக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். ரஷ்யாவிலும் சீனாவிலுமாக 75,848 படிகங்களைச் செய்து முடிக்கப் பத்தாண்டுகள் பிடித்தன. ஒளித்துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால் படிகம் மினுங்கும். எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு மினுக்கம். பின்புறம் ஒட்டிய சின்னஞ்சிறு உணரி அந்த மினுக்கத்தை அளக்கும். இவ்வகைப் படிகங்களின் உறவினர்களே, இன்று புற்றுநோயைக் கண்டறியும் 'பெட் ஸ்கேன்' இயந்திரத்தில் நோயாளியைச் சுற்றி வளையமாக அமர்ந்திருக்கின்றன. நம் குடும்பங்களில் யாரேனும் ஒருவர் அந்த வளையத்துக்குள் படுத்து எழுந்திருக்கக்கூடும்.

சோதனைமேல் சோதனை

கருவியைக் கட்டியாயிற்று, இனி நம்பலாமா? கூடாது.

கடைத்தெருவில் தராசுக்கு அரசு முத்திரை இட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்த்து, சரியாகக் காட்டினால்தான் அந்தத் தராசு செல்லும். படிகங்களுக்கும் அப்படியே. ஆற்றல் இவ்வளவு என்று முன்னரே அறியப்பட்ட எலெக்ட்ரான் கற்றையைப் படிகத்தின்மீது செலுத்துகிறார்கள். தெரிந்த எடைக்குக் கருவி என்ன விடை சொல்கிறது என்று பார்க்கிறார்கள். 1,700 படிகங்கள் கொண்ட பெரும்பெட்டிகள் முப்பத்தாறு. அவற்றுள் ஒன்பதை 2006இல் இப்படி எலெக்ட்ரான் கற்றையில் வைத்துப் பார்த்தார்கள்.

மற்றவற்றை? அங்கேதான் வானம் உதவிக்கு வந்தது. முப்பத்தாறு பெட்டிகளையும் விண்ணிலிருந்து பொழியும் மியூவான்களின் கீழே நாட்கணக்கில் வைத்துச் சோதித்தார்கள். எந்த விண்கதிரைக் காட்டிப் பேராசிரியர் என் அச்சத்தைப் போக்கினாரோ, அதே விண்கதிர்தான் கருவிக்கு எடைக்கல்லாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008 செப்டம்பரில் மோதுவி பழுதுபட்டுக் கிடந்ததல்லவா? அப்போது சி.எம்.எஸ். குழுவினர் கைகட்டி உட்காரவில்லை. காந்தத்தை முழு வலிமையில் இயக்கி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏறத்தாழ 27 கோடி விண்துகள் நிகழ்வுகளைப் பதிவு செய்தார்கள். அந்தச் சோதனையில், கருவியின் இரும்புச் சட்டத்துக்குள் காந்தப்புலம் பற்றித் தாங்கள் போட்டிருந்த கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். முதல் மோதல் நிகழுமுன்பே, பிறர் எவரும் சுட்டிக்காட்டாமலேயே, தாமே தேடிக் கண்ட பிழை அது.

ஒருமுறை முத்திரையிட்டால் போதுமா? போதாது. படிகம் ஓர் உணர்ச்சிமிக்க சாட்சி. வெப்பம் ஒரு பாகை ஏறினால் அதன் மினுக்கம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்துவிடும். ஆகவே பத்தில் ஒரு பாகைகூடப் பிசகாமல் குளிர்நீர் ஓடவிட்டு அதைக் காக்கிறார்கள். மோதல்களின் கதிர்வீச்சு பட்டுப்பட்டுப் படிகத்தின் தெளிவு மங்கும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும். அதனால் மோதுவி இயங்கும் காலமெல்லாம், மணிக்கு ஒருமுறைக்கும் மேலாக, ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, 'நேற்றிருந்த பார்வை இன்று உனக்கு இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள். குறைந்திருந்தால் அந்தக் குறையைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். முதுமையில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளரின் முந்திய செய்திகளையும் பிந்திய செய்திகளையும் பிரித்துப் பார்த்த நம் முன்னோர்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஹிக்ஸ் என்ற துகளைத் தேடினார்கள். அது தோன்றிய கணமே சிதைந்துவிடும். ஆயிரம் ஹிக்ஸ் துகள்களில் ஏறத்தாழ இரண்டே இரண்டு ஒளித்துகள்கள் இரண்டாகச் சிதையும். அந்த ஒளித்துகள்களின் ஆற்றலைத் துல்லியமாக அளந்து கூட்டினால், எல்லாம் ஒரே அளவைச் சுட்டிக் குவியலாக எழும். அளவு சற்றுப் பிசகினாலும் அந்தக் குவியல் பரவிக் கரைந்து, மற்ற நிகழ்வுகளின் வெள்ளத்தில் மூழ்கிவிடும். விநாடிக்கு 4 கோடி தடவை புரோட்டான் கூட்டங்கள் ஒன்றையொன்று கடக்கின்றன. அவற்றுள் விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் நிகழ்வுகளே சேமிக்கப்படும். மற்றவை கணநேரத்தில் ஆராயப்பட்டுக் கைவிடப்படும். கைவிட்டதை மீண்டும் பெற முடியாது. அத்தகைய பொறுப்பு அது.

இரண்டு சாட்சிகள்

அங்கே அட்லஸ் என்று மற்றொரு கருவியும் உண்டு. வேறு அமைப்பு, வேறு குழுவினர், வேறு வழி. இரண்டு குழுக்களும் முடிவுக்கு வருமுன் தம் கணக்குகளை ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை. காரணம் எளிது. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டுச் சொன்னால் இரண்டு சாட்சிகள் ஆகமாட்டார்கள்; ஒரே சாட்சிதான். தேநீர்க் கடையில் கேட்டதைத் தொலைக்காட்சியிலும் கேட்டு, 'எல்லாரும் சொல்கிறார்களே' என்று நான் நம்பினேனே, அது இந்தத் தவறுதான்.

தம்மைத் தாமே கட்டிப்போடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. 2012இல் துகள் தென்படக்கூடும் என்று எதிர்பார்த்த பகுதியைத் தம் கண்களுக்கே மறைத்து வைத்துக்கொண்டு, ஆராயும் முறையை முதலில் முடிவு செய்தார்கள். முறை முடிவான பிறகே திரையை விலக்கிப் பார்த்தார்கள். விருப்பம் வந்து விடையைத் திரித்துவிடக் கூடாதென்ற அச்சம் அது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் இரண்டு குழுக்களும் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. இரண்டும் சுட்டிய அளவு ஏறத்தாழ ஒன்றே. மறு ஆண்டு பீட்டர் ஹிக்ஸ், பிரான்சுவா ஆங்லேர் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது வெற்றிக் கதை. ஆனால் என் நெஞ்சை அசைத்தது இதன்பின் நிகழ்ந்த மற்றொன்று. 2015 டிசம்பரில் இரண்டு கருவிகளுமே வேறோர் இடத்தில் சிறிய மேடொன்றைக் கண்டன. ஹிக்ஸைவிட ஆறு மடங்கு எடையுள்ள புதிய துகளாக இருக்கலாம் என்று உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. அது என்னவாக இருக்கும் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. கண்டவர்களோ, 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லவில்லை; 'இன்னும் பார்க்க வேண்டும்' என்றே சொன்னார்கள். பார்த்தார்கள். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், மேடு கரைந்துவிட்டது, அது தற்செயலாய் எழுந்த ஏற்ற இறக்கம்தான் என்று இரு குழுவினரும் அறிவித்தார்கள். வெட்கம் இல்லை, மழுப்பல் இல்லை.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து

மறுநாள் மாலை அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். இப்போது அவன் சிறுவன் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினாறு வயது இளைஞன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் முன்னிலையிலேயே சொன்னேன்:

"தம்பி, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உலகம் அழியப் போகிறது என்று வகுப்பில் சொன்னேன். அதை நான் விசாரிக்காமல் சொன்னேன். தவறு. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நினைவிருக்கிறது ஹஜ்ரத். டி.வி.யில் சொன்னபோது அத்தா சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் பயந்தேன். உலகம் அழியவில்லை என்று தெரிந்த பிறகு, நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை."

வாசகர்களே, அந்த வார்த்தைகளின் பாரத்தை நான் இன்றும் சுமக்கிறேன். தொலைக்காட்சி சொன்னதைக் கேட்டுச் சிரித்த பிள்ளை, நான் சொன்னதைக் கேட்டு அழுதிருக்கிறான். என் சொல்லுக்கு அந்த மதிப்பைத் தந்தது என் அறிவு அன்று. நான் அமர்ந்திருந்த இடம். எடைக்கல்லை வைத்துப் பார்க்காமலேயே முத்திரை பெற்றுவிட்ட தராசாக நான் இருந்திருக்கிறேன். அதற்குப் பின் எட்டு ஆண்டுகள், ஒரு குழந்தை மனத்துக்குள் என்னைச் சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மட்டும் என்னைச் சோதித்துக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த நாள் வகுப்பில் நடந்ததை எல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் புதிய பிள்ளைகள். 2008இல் பலர் பிறக்கவே இல்லை. ஆனாலும் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை கையுயர்த்தி, "அப்படியென்றால் நீங்கள் சொல்கிற மற்றதெல்லாம் சரியா ஹஜ்ரத்?" என்று கேட்டாள். வகுப்பில் சிரிப்பொலி. எனக்கோ, அந்த லேசர் ஒளி என்மீது பாய்ந்ததுபோல் இருந்தது.

"நல்ல கேள்வி. சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள். தெரிந்தால் எங்கிருந்து தெரிந்தது என்று சொல்கிறேன். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அன்றிலிருந்து அதுவே என் வழக்கம். கைப்பேசியில் நாளொன்றுக்கு எத்தனையோ செய்திகள் வருகின்றன. இன்ன உணவு விஷம், இன்ன மருந்து எமன், இன்ன நாளில் பேரழிவு. முன்பு தேநீர்க் கடையில் பத்துப் பேர் காதில் விழுந்தது, இன்று ஒரு நொடியில் பத்தாயிரம் பேரிடம் போய்விடுகிறது. அனுப்புகிறவர் கெட்டவர் அல்லர். நம் மாமா, நம் மச்சான், நம்மேல் அக்கறை கொண்டவர்தாம். அதனால்தான் நம்புகிறோம். நாமும் நாலு பேருக்கு அனுப்புகிறோம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது.

சி.எம்.எஸ். கருவியின் இரு முனைகளிலும் உள்ள படிகங்கள் கதிர்வீச்சால் வெகுவாக மங்கிவிட்டன. மோதுவியை இன்னும் வலிமையாக்கி 2030ஆம் ஆண்டை ஒட்டி இயக்கத் திட்டமிட்டிருப்பதால், அவற்றை எடுத்துவிட்டு அறுபது லட்சம் உணர்முனைகளைக் கொண்ட புதிய சிலிக்கன் அடுக்குகளைப் பொருத்த முனைந்திருக்கிறார்கள். அந்தப் புதிய சாட்சிகளையும் கற்றையில் நிறுத்தி, விண்கதிரில் நிறுத்தி, குளிரில் வைத்து, மீண்டும் மீண்டும் கேள்வி கேட்டபின்தான் உள்ளே அனுப்புவார்கள்.

உயிரில்லாத ஒரு படிகத்தை நம்புமுன் இவ்வளவு சோதிக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு சொல்லைச் சொல்லுமுன் நாம் ஒரு நிமிடமாவது நின்று, 'இதை நான் எங்கே கேட்டேன்?' என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அந்த இளைஞன் இப்போது நகரத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு ஊர் வந்தால் தவறாமல் வந்து பார்ப்பான். சென்ற பெருநாளன்று வந்தபோது கைப்பேசியில் ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "இது உண்மையா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி. உட்கார், இருவருமாக விசாரிப்போம்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான்.